சுருளில் இருக்கிறது சூட்சுமம்

ஐந்தரை மீட்டர் நீளம். ஒரு தையல் கிடையாது, ஒரு பொத்தான் கிடையாது. தறியிலிருந்து அறுத்தெடுத்த துணி, அவ்வளவுதான் சேலை. அதை உடம்பில் நிற்க வைப்பவை மூன்று: உள்பாவாடை நாடாவின் இறுக்கம், இடுப்பில் செருகிய கொசுவத்தின் உராய்வு, தோளில் குத்திய ஊக்கு. இந்த மூன்றாவது ஆள் இன்றைய உருவத்தில் 1849இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்.

தாலிக்கயிற்றில் இரண்டு, வளையலில் ஒன்று என்று ஊக்கை எப்போதும் கைவசம் வைத்திருக்கும் பெண்கள் நம் வீடுகளில் உண்டு. ஜாக்கெட் கொக்கி தெறித்தாலும், பாவாடை நாடா உள்ளே போய்விட்டாலும், பை ஜிப் பிடி கழன்றாலும் அதைத்தான் தேடுவார்கள். ஆனால் பட்டுச்சேலையில் குத்துவதற்கு முன் ஒரு நொடி கை தயங்கும். கழற்றும்போது நூலை இழுத்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஊக்கின் பலம் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதே இடத்தில்தான் அதன் குறையும் இருக்கிறது. கம்பி சுருண்டிருக்கும் அந்த அடிப்பகுதியைத்தான் சொல்கிறேன்.

பழைய தோள், பழைய சிக்கல்

தைக்காத துணியை உடுத்திய எல்லோருக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. கிரேக்கப் பெண்கள் அணிந்த பெப்லோஸ் என்ற உடை, ஒரு நீளத் துணியை மடித்து இரண்டு தோள்களிலும் குத்திக்கொள்வதுதான். ரோமானியப் படைவீரர்களும் மேலாடையைத் தோளில் குத்தியே அணிந்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய வில்லூசிக்கு ஃபிபுலா என்று பெயர். வெண்கலக் காலத்தின் பிற்பகுதியில், 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே, கிரேக்கத்திலும் வட இத்தாலியிலும் அது புழக்கத்தில் இருந்தது. வில்போல வளைந்த முதுகு, ஒரு கம்பிச் சுருள், ஊசி, ஊசிமுனை உட்காரும் தொட்டி என நம் ஊக்கின் உறுப்புகள் ஏறக்குறைய எல்லாமே அதில் உண்டு.

ஐரோப்பாவில் உடலுக்கு ஏற்றபடி தைத்த உடையும் பொத்தானும் பரவியபோது வில்லூசி மறைந்தது. வெறும் குண்டூசி மட்டும் மிஞ்சியது. குண்டூசிக்கு இரண்டு கெட்ட குணங்கள். நடக்கும்போது மெல்ல நழுவிவிடும்; நழுவாவிட்டால் குத்தும்.

மூன்று மணி நேரம், 400 டாலர்

நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் (1796–1859) கை வைத்த இடமெல்லாம் கண்டுபிடிப்பு. கையில்தான் காசு ஒட்டவில்லை. 1830களிலேயே முனையில் துளையுள்ள ஊசியும் இரண்டு நூலும் கொண்ட தையல் இயந்திரத்தை உருவாக்கியவர், காப்புரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டார். 1846இல் அதே வழியில் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோவ் பெரும் செல்வந்தரானார்.

ஒருவருக்குத் தரவேண்டிய 15 டாலர் கடனை நினைத்துக்கொண்டே ஹன்ட் ஒரு கம்பித்துண்டை மூன்று மணி நேரம் திருகிக்கொண்டிருந்தார், அதில் பிறந்ததுதான் ஊக்கு என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1849 ஏப்ரல் 10இல் அவர் பெற்ற 6,281ஆம் எண் காப்புரிமை உண்மை. உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி.

காப்புரிமையில் ஹன்ட் வலியுறுத்துவது ஒன்றுதான்: முழு ஊக்கும் ஒரே கம்பி. கீல் இல்லை, தேய்வதற்கு ஆணி இல்லை. ஒரு முனையில் சுருள், மறுமுனையில் ஊசியைப் பிடித்து விரலைக் காக்கும் மடிப்பு. பெரும்பாலான வில்லூசிகளில் முனை திறந்த தொட்டியில் கிடக்கும். ஹன்டின் ஊசி மடிப்புக்குள் புகுந்துகொள்ளும். சுருள் ஊசியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், மடிப்பு அதை விடாது. இந்த இழுபறிதான் பூட்டு.

கம்பி ஏன் சோர்ந்துபோவதில்லை?

ஒரு கம்பியை வெறுமனே 'வி' வடிவில் மடித்தாலே ஊக்குப் போல இருக்குமே, சுருள் எதற்கு? செய்து பாருங்கள். நாலைந்து முறை திறந்து மூடினால் அது தளர்ந்துவிடும், பிறகு ஒடிந்தும்போகும்.

எந்த உலோகத்துக்கும் ஒரு தாங்கும் எல்லை இருக்கிறது. அதற்குள் வளைத்தால் விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த மீள்தன்மையின் விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். எல்லையைத் தாண்டினால் வளைந்தது வளைந்ததுதான். 'வி' மடிப்பில் திறப்பின் முழுக் கோணத்தையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கம்பியே தாங்கவேண்டும். சுருளில் அப்படி இல்லை. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சுற்றில் 9 மில்லிமீட்டருக்கும் அதிகமான கம்பி அடங்கியிருக்கிறது. அதே கோணம் அவ்வளவு நீளத்துக்கும் பங்காகப் பிரிகிறது. ஒவ்வொரு இடமும் கொஞ்சமே வளைவதால் எந்த இடமும் எல்லையைத் தொடுவதில்லை. விரல்நகம் அளவு இடத்தில் நீளத்தைச் சுருட்டி வைத்ததுதான் இந்தக் கண்டுபிடிப்பின் சாரம்.

நூலிடையில் ஊசி

துணி என்பது பாவும் ஊடையும் ஒன்றின் மேலும் கீழுமாகப் பின்னிய வலை. கூரான ஊசி நூலை அறுப்பதில்லை. கோயில் கூட்டத்தில் தோளைச் சாய்த்து நுழைகிறவரைப் போல, இரண்டு நூல்களுக்கு நடுவே விலக்கிக்கொண்டு போகிறது. பருத்தியில் ஊக்கை எடுத்த பிறகு நகத்தால் இப்படியும் அப்படியும் நீவினால், அல்லது ஒருமுறை துவைத்தால், நூல்கள் பெரும்பாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். மழுங்கிய ஊசியோ துருப்பிடித்த ஊசியோ விலக்காது, இழைகளைக் கிழிக்கும்.

பட்டின் கதை வேறு. மனித முடியைவிட மெல்லிய பல இழைகள் சேர்ந்ததே ஒரு பட்டு நூல். மேற்பரப்பு வழவழப்பானது என்பதால் நூல்கள் எளிதில் நகர்ந்துகொடுக்கும். ஷிஃபானில் இது இன்னும் அதிகம். சரிகையோ நூலைச் சுற்றிய மெல்லிய உலோகத் தகடு. அது ஊசிக்கு வழிவிடாது; நசுங்கும், பிரியும். கனமான முந்தானை முழுக்க ஒரே துளையில் தொங்கினால், அந்தத் துளையின் ஓரத்தில் இருக்கும் சில நூல்கள்தான் எல்லா எடையையும் சுமக்கும்.

குத்தும் திசைக்கும் இதில் பங்குண்டு. முந்தானை இழுக்கும் திசையிலேயே ஊக்கைக் குத்தினால், ஊசி உள்ளே போன துளையும் வெளியே வந்த துளையும் அதே சில நூல்களைத்தான் இழுக்கும். குறுக்கே குத்தினால் இரண்டு துளைகளும் வெவ்வேறு நூல்களிடம் சுமையைப் பிரித்துக் கொடுக்கும். மடிப்புகளைச் சேர்த்துக் குத்தும்போது அடுக்குகளும் சுமையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

ஒரு மணி போதும்

இப்போது அந்தக் குறைக்கு வருவோம். குனிந்து நிமிரும்போது துணி ஊசிக்கம்பியின் மேல் வழுக்கி அடிப்பகுதிக்குப் போகிறது. அங்கே சுருளின் சுற்றுகளுக்கு இடையே மெல்லிய இடுக்கு. மெல்லிய துணி அதற்குள் புகுந்துவிடும். மாலையில் வீட்டுக்கு வந்து ஊக்கைத் திறந்தால் ஊசி விடுபடும், துணி விடுபடாது. அவசரத்தில் இழுத்தால் ஒரு நூல் கூடவே வரும். அது சேலை முழுக்க ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும்.

இதற்கு விடை கண்டவர் யாரென்று எந்தக் காப்புரிமை ஏட்டிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் சேலை கட்டிவிடும் பெண்களின் கைப்பெட்டியில் அது இருக்கிறது: ஊக்கில் கோத்த ஒரு பாசிமணி. ஊக்கைத் திறந்து, ஊசிமுனை வழியாக மணியைக் கோத்துச் சுருள்வரை தள்ளிவிட வேண்டும். பிறகு துணியில் குத்த வேண்டும். மணியின் துளை கம்பியைவிடக் கொஞ்சமே பெரிது, மணியோ சுருளைவிடப் பெரிது. துணி எவ்வளவு வழுக்கினாலும் மணியில் முட்டி நின்றுவிடும். சுருள் தன் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும். மணியைத் தேர்ந்தெடுக்கும்போது ஓரம் வழவழப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

சுருளை எடுத்துவிட்டால்?

ஆயத்த ஆடைகளில் விலைச்சீட்டைத் தொங்கவிடும் சுரைக்காய் வடிவப் பின்னில் சுருளே கிடையாது. அடிப்பகுதியை அகலமான வளைவாக விட்டு, வளையும் வேலையை அந்த வளைவு முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். நூல் மாட்ட இடுக்கு இல்லை. ஆனால் கம்பி மெல்லியது. அட்டையைத் தாங்கும், பட்டு முந்தானையைத் தாங்காது.

துளையே வேண்டாம் என்பவர்களுக்குக் காந்தப் பின் வந்திருக்கிறது. 1980களில் உருவான நியோடிமியம் காந்தங்கள்தான் அதைச் சாத்தியமாக்கின. துணியின் இரு பக்கமும் ஒவ்வொரு காந்தம், நடுவே துணி. தலைமுக்காட்டுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. பல அடுக்கு மடித்த கனமான சேலையில் பிடி விட்டுப்போகும், ஏனெனில் காந்தங்களுக்கு இடையே தூரம் சற்றுக் கூடினாலும் ஈர்ப்பு வேகமாகக் குறையும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இதை மார்புக்கு அருகே அணியக்கூடாது. குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் குடலையே துளைத்துவிடும்.

விழுங்கும் ஆபத்து ஊக்குக்கும் பழையது. பிலடெல்ஃபியா மருத்துவர் செவாலியே ஜாக்சன் நோயாளிகளின் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்துச் சேர்த்த 2,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அந்நகரின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஊக்குகளும் உண்டு. முனை மேல்நோக்கித் திறந்தபடி சிக்கிய ஊக்கை மேலே இழுத்தால் சதை கிழியும். ஆகவே அதை இரைப்பைக்குள் இறக்கி, திருப்பி, பிறகு வெளியே எடுக்கும் முறையை அவர் வகுத்தார். கொசுவம் மடிக்கும்போது ஊக்கை உதட்டில் கடித்துக்கொள்ளும் பழக்கத்தை விடுவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஹன்ட் ஊசிமுனைக்குக் காவல் போட்டார். சுருளுக்குக் காவல் போட்டது அதைத் தினமும் கழற்றியவர்கள். குத்துவதில் வராத பிரச்சினை கழற்றுவதில் வந்தது, அதனால் அது பயன்படுத்தியவர்களின் கண்ணில்தான் பட்டது. இனி புதிதாக ஓர் ஊக்கை வடிவமைக்க நினைப்பவர், இவ்வளவுக்கும் பதில் சொல்லவேண்டும்: பட்டில் தழும்பு விழக்கூடாது, சரிகை நசுங்கக்கூடாது, நாள் முழுக்கப் பிடி தளரக்கூடாது, கண்ணாடி பார்க்காமல் ஒரு கையால் தோளுக்குப் பின்னால் பூட்டவும் திறக்கவும் வரவேண்டும். விலையும் இப்போதுள்ள ஊக்கைப்போல, தொலைந்தால் தேடத் தோன்றாத அளவுக்கு இருக்கவேண்டும். இத்தனையும் சேர்ந்த ஒன்று வரும்வரை, ஒரு பாசிமணி வாங்கிக் கோத்துக்கொள்வதே நல்ல பொறியியல்.