மௌலவிக்கும் ரொக்கெட் கதைக்கும் என்ன சம்பந்தம்?

தலைப்பைக் கண்டதும் உங்களில் சிலர் மூக்கின் மேல் விரலை வைத்திருப்பீர்கள். மதரஸாவில் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணம் சொல்லிக் கொடுக்கும் ஒருவன், இரவானதும் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கதைகளை வாசிக்கிறான் என்றால் யாருக்குத்தான் வியப்பு வராது? இருபது வருடங்களுக்கு மேலாக நான் மறைத்து வைத்திருந்த விடயம் இது. இன்று உங்கள் முன்னால் பெட்டியைத் திறந்து விடுகிறேன்.

பெட்டி என்று சொன்னது உண்மையான பெட்டியைத்தான். எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. சுஜாதாவின் விஞ்ஞானக் கதைகள், ஆதர் சி. கிளார்க்கின் ஆங்கிலப் புத்தகங்கள் சில, அவற்றை வாசிக்கத் துணையாக ஓர் அகராதி, ரமழான் பிறை பார்க்கவென்று வாங்கிய தொலைநோக்கி, ஒரு பழைய சிற்றலை வானொலிப் பெட்டி. "இவருட பைத்தியப் பெட்டி" என்பது என் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர். பிறைக்கென்று வாங்கிய தொலைநோக்கியால் மற்ற இருபத்தொன்பது நாளும் என்ன பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டால், வியாழனின் நிலாக்களை என்று நான் சொல்வதில்லை.

வானொலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொல்லையில் உள்ள பலா மரத்துக்கும் கூரைக்கும் இடையில் செப்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, நமுனுகுலை மலை இருட்டில் மறைந்த பின் முள்ளைத் திருப்பினால், எங்கோ தூரத்து நாடுகளின் குரல்கள் பதுளைக்கு வந்து சேரும். சிற்றலை நேர்கோட்டில் மட்டும் போவதல்ல. மேலே காற்றுமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் கொண்ட ஓர் அடுக்கு உண்டு. அதில் பட்டுத் திரும்பி, பூமியில் பட்டு மறுபடி எழும்பி, பந்து போலத் துள்ளித் துள்ளி மலைகளைத் தாண்டும். கேட்ட நேரத்தையும் தெளிவையும் எழுதி அனுப்பினால், நிலையத்தார் அழகான அட்டை ஒன்றை அனுப்பி வைப்பார்கள். என் வாலிபத்தில் தபால்காரர் கொண்டு வந்த அந்த அட்டைகளும் பெட்டியில்தான் கிடக்கின்றன. 1941 இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை, 2017 ஏப்ரல் 30 ஆம் திகதியுடன் வானொலியில் நின்று போனது. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒரு மையித்து விழுந்தது போலத்தான் இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

சரி, கதைக்கு வருவோம். "நடக்காததை நடந்ததாக எழுதுவது பொய்யல்லவா மௌலவி?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் திருப்பி ஒன்று கேட்டேன். அரபுக் கல்லூரியில் நாங்கள் ஹரீரியின் மகாமாத் ஓதினோமே, அதில் ஊர் ஊராகப் போய்ப் பேச்சுத் திறமையால் மக்களை ஏமாற்றிக் காசு பிடுங்கும் அபூ ஸைத் என்பவர் உண்மையில் வாழ்ந்தாரா? கலீலா வ திம்னாவில் இரண்டு நரிகள் அரசியல் பேசுகின்றனவே, எந்தக் காட்டில் பேசின? கற்பனை என்று எழுதுபவரும் வாசிப்பவரும் அறிந்த கதை வேறு, ஒருவரை ஏமாற்றச் சொல்லும் பொய் வேறு. பெரியவர் தாடியைத் தடவிக் கொண்டு போனார். ஒப்புக் கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது.

இப்னு துபைலின் 'ஹய் இப்னு யக்ழான்' என்ற நூலையும் அவருக்குச் சொல்லியிருக்கலாம். அந்தலூஸ் தேசத்து வைத்தியரான அவர் 1185 இல் காலமானார். ஆளில்லாத் தீவொன்றில் ஒரு குழந்தை. அதற்குப் பால் கொடுத்து வளர்ப்பது ஒரு மான். மான் இறந்ததும் 'இதற்குள் இருந்து எது போய்விட்டது?' என்று அறிய அந்தச் சிறுவன் அதன் நெஞ்சைப் பிளந்து பார்க்கிறான். நெருப்பை ஆராய்கிறான், நட்சத்திரங்களைக் கவனிக்கிறான், ஆசிரியர் யாருமின்றித் தன் அறிவாலேயே படைத்தவனிடம் வந்து சேருகிறான். இந்தியத் தீவுகளில், நிலநடுக்கோட்டின் கீழே உள்ள ஒரு தீவில் இது நடந்ததாக நூல் சொல்கிறது. எனக்கென்னவோ அது நமது ஸரந்தீப் என்றே படும். ஆதாரம் கேட்காதீர்கள், ஊர்ப் பாசம்தான்!

இப்படி வக்கணையாகப் பேசுகிறேனே, என் குற்றத்தையும் கேளுங்கள்.

2007 ஆம் ஆண்டு. நான் ஒரு மதரஸாவில் இளம் உஸ்தாத். விடுதியில் இரவு சுற்றி வரும்போது, பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் போர்வைக்குள் டோர்ச் அடித்து வாசித்துக் கொண்டிருந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சில்லறைக் கடை வைத்திருந்தவரின் மகன். போர்வையை விலக்கினேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. கொழும்பில் கடையில் நின்ற அவனுடைய நானா நடைபாதையில் வாங்கிக் கொடுத்ததாம்.

"ஹஸ்ரத், இன்னும் பத்துப் பக்கம்தான் இருக்கு. முடிச்சிட்டுத் தந்திடுறேன்" என்றான்.

நான் விடவில்லை. மூத்த உஸ்தாத்மார் அறிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம். புத்தகத்தைப் பறித்தேன். நான்கு பேர் கேட்கும்படி கண்டித்தேன். எரித்து விட்டேன் என்று அவனை நினைக்க விட்டேன். அறைக்கு வந்து கதவைத் தாழிட்டு, விடியுமட்டும் நானே வாசித்து முடித்தேன்! புத்தகம் தகரப் பெட்டிக்குள் போனது. பையன் அந்த வருடமே ஓதலை விட்டுப் போய் விட்டான். அந்தப் புத்தகத்தால்தான் போனான் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 2008 பெப்ரவரி 27 இல் சென்னையில் சுஜாதா காலமானார். மார்ச் 19 இல் கொழும்பில் கிளார்க் காலமானார். இடையில் மூன்றே வாரம். என் பெட்டியில் இருந்த இருவரும் ஒரே மூச்சில் போய் விட்டார்கள்.

இருவரும் வெறும் கதைகாரர்கள் அல்லர். ரங்கராஜன் என்ற இயற்பெயரும், எழுதுவதற்கு மனைவியின் பெயரும் கொண்ட சுஜாதா, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. கிளார்க்கோ 1956 இல் நம் நாட்டுக்கு வந்து இங்கேயே தங்கி விட்டவர். அவரை இழுத்தது கடலுக்கடியில் நீந்தும் மோகம். ஊவாவுக்குத் தெற்கே, கிரிந்தைக் கடலுக்கு அப்பால் கிரேட் பாசஸ் வெளிச்சவீடு நிற்கும் பாறைத் தொடர் இருக்கிறதல்லவா? 1961 இல் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் இரு சிறுவர்களும் அங்கே மூழ்கிய கப்பலொன்றில் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள். ஔரங்கசீப் பாதுஷாவின் காலத்து ரூபாய்கள். சூரத்தில் அச்சடித்தவை. மேலே பொறித்திருந்த ஆண்டு ஹிஜ்ரி 1113! வெள்ளைக்காரக் கதாசிரியர் வீட்டு மேசையில் பாரசீக எழுத்தும் ஹிஜ்ரி ஆண்டும். அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார்.

நம் வீட்டோடு அவருக்கு உள்ள சம்பந்தம் வேறு. 1945 இல், ஆகாயத்தில் ஒரு செயற்கைக் கோளும் இல்லாத காலத்தில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு கோளை வைத்தால், அது பூமியைச் சுற்றும் நேரமும் பூமி தன்னைச் சுற்றும் நேரமும் ஒன்றாகி விடும். ஆகவே கீழிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அப்படி மூன்று கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்றார். அதற்குக் காப்புரிமை ஒன்றும் எடுத்து வைக்கவில்லை, பாவம்! 1975 இல் இந்தியா செய்மதி மூலம் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டும் சோதனையை நடத்தியபோது, கொழும்பில் அவர் வீட்டில் ஓர் அலைவாங்கித் தட்டைப் பொருத்திக் கொடுத்தது. அப்போது நம் நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது.

அவரே 1979 இல் எழுதிய 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில், நாம் பாவா ஆதம் மலை என்று சொல்கிறோமே, அதன் உச்சியிலிருந்து அந்த உயரத்துக்கே ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். தீவு நிலநடுக்கோட்டில் இருந்தால்தான் கணக்குச் சரி வரும் என்பதற்காக நமது தீவையே தெற்கே நகர்த்தி வைத்து விட்டார் மனிதர்.

சகோதரிகள் கோபிக்கலாம், பெண்கள் யாரும் எழுதவில்லையா என்று. எழுதினார்கள், நம்மவரே எழுதினார். வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன் 1905 இல் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' அச்சானது எங்கே தெரியுமா? சென்னையில், 'இந்தியன் லேடீஸ் மகஸின்' என்ற இதழில்! அந்தக் கதை நாட்டில் பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள், ஆகாயத்தில் ஊர்தியில் போகிறார்கள். ஆண்கள்? வீட்டுக்குள் பர்தாவில்! வீட்டார் அறியாமல் இரவில் தமையனிடம் ஆங்கிலம் கற்ற பெண் எழுதிய கதை இது. பிறகு அவர் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காகப் பாடசாலையும் நடத்தினார். இதை வீட்டில் சொன்னபோது மட்டும் என் மனைவி பெட்டியைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

சுஜாதாவின் அந்தக் கதை நடப்பது 2021 ஆம் ஆண்டில். அதில் ஜீனோ என்று ஒரு ரொபோ நாய். பேசும், புத்தகம் வாசிக்கும். உண்மையான 2021 வந்தபோது நமது ஊவாவில் என்ன நடந்தது? அந்த மார்ச் மாதத்தில்தான் தோட்டத் தொழிலாளிக்கு நாட் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கொழுந்தை எந்த ரொபோவும் பறிக்கவில்லை, அட்டைக்கடிக்கு நடுவே பெண்களின் விரல்கள்தான் பறித்தன. கொவிட்டால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. லுணுகலைப் பக்கத்தில் பிள்ளைகள் மலையேறி, காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய குடிலில் இருந்து சிக்னல் தேடிப் படித்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. அதே வேளை பக்கத்துத் தோட்டங்களின் லயங்களைப் பாருங்கள். கூரைத் தகரம் துருப்பிடித்திருக்கும், அதன் மேல் செய்மதித் தட்டு புதிதாக இருக்கும். குளிர் தேசங்களில் இந்தத் தட்டுகள் அடிவானத்தைப் பார்க்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இங்கே அண்ணாந்து உச்சியைப் பார்க்கின்றன. படம் பார்க்கச் செய்மதி கிடைத்த பிள்ளைக்குப் பாடம் படிக்க மரம் ஏற வேண்டியிருந்தது. எந்தக் கதாசிரியரும் இப்படி ஒரு எதிர்காலத்தைக் கற்பனை செய்யவில்லை.

சென்ற மார்கழி மழைக் காற்றில் எங்கள் வீட்டுத் தட்டும் அசைந்து விட்டது. இங்கே ஒரு பாகை சரிந்தால், அந்த 36,000 கிலோமீற்றருக்கு அப்பால் குறி 600 கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் போய் விடும். படம் நின்று போனது. பஸாரில் சொல்லி ஆளைக் கூப்பிட்டோம். முப்பது வயதுக்காரர் ஒருவர் வந்து, சலாம் சொல்லி, கூரையில் ஏறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக் கொண்டு நின்றேன். கையிலிருந்த மீற்றரைப் பார்த்தபடி தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார்.

"எங்க பார்த்துத் திருப்புறீங்க மகன்?" என்று கேட்டேன்.

"மேல ஒன்னு அசையாம நிக்கிது ஹஸ்ரத். நாமதான் அசையிறோம்" என்றார். பிறகு என்னைக் குனிந்து பார்த்துக் கேட்டார். "ஹஸ்ரத், என்னை ஞாபகம் இல்லியா? அந்த நாய்க்குக் கடைசியில என்ன ஆச்சு?"

ஏணியை விட்டு விடுவேனோ என்று பயந்து இறுக்கிப் பிடித்துக் கொண்டேன். பதினெட்டு வருடமாக அவர் அந்தப் பத்துப் பக்கத்தையும் வாசிக்கவில்லை. வேறு பிரதி வாங்கியிருக்கலாமே என்றேன். தோட்டத்துக் கடை, பிறகு வேலை, கல்யாணம், நேரமே வரவில்லை என்றார். எரித்து விட்டதாகவே நினைத்திருந்தாராம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவன், வெட்கத்தில் கதையின் முடிவைச் சொல்லத் தொடங்கி விட்டேன்.

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க ஹஸ்ரத்!" என்று கூரையிலிருந்து கையை ஆட்டினார்.

பெட்டியைத் திறந்து புத்தகத்தைக் கொண்டு வந்தேன். அவர் மடித்து வைத்த பக்கத்தின் மூலை அப்படியே இருந்தது. மழையில் நனையாமல் ஷொப்பிங் பேக்கில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டார். கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். மன்னிப்பை மோட்டார் சைக்கிள் கிளம்பும் நேரத்தில்தான் கேட்டேன். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டி விட்டுப் பசறை வீதியில் போனார்.