ஆச்சியோடு ஒரு ஜிம்ஜில்பாங்

கொரியாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் அரண்மனை, கோபுரம், கடைத்தெரு என்று பட்டியலோடு வருகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் ஒரு ஜிம்ஜில்பாங்குக்குப் போங்கள் என்பேன். குடும்பத்தோடு வெந்நீரில் குளித்து, சூட்டறைகளில் வியர்த்து, சாப்பிட்டு, படுத்துத் தூங்கி எழுந்து வரும் இடம் அது. சுவோனில் எங்கள் வீட்டருகே இருக்கும் ஒன்றுக்கு, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவையும் (பிள்ளைகளுக்கு ஆச்சி) கூட்டிக்கொண்டு போனோம்.

வாசலில் செருப்பைப் பூட்டி வைத்துவிட்டுக் கட்டணம் கட்டினால் டி-சர்ட், அரைக்கால் சட்டை, துண்டு, மணிக்கட்டில் மாட்டும் சாவி தருகிறார்கள். உள்ளே வாங்கும் பண்டமெல்லாம் சாவி எண்ணில் கணக்கேறும். போகும்போது கொடுத்தால் போதும். குளியல் பகுதி ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. ஆறு வயது மகன் அவன் அப்பாவோடு போனான். நான்கு வயது நிறைந்த பையனைப் பெண்கள் பக்கம் கூட்டிப்போக 2022 முதல் இங்கே அனுமதி இல்லை.

நம்மவர்கள் தயங்குவது இந்தக் குளியலுக்குத்தான். துணியோடு தொட்டியில் இறங்க விடமாட்டார்கள். "ஏட்டி, இந்த வயசுல எனக்கு இது தேவையா?" என்று அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. உள்ளே ஒரு கிழவி, பேத்திக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரசவத் தழும்பு, சரிந்த வயிறு, கூன் விழுந்த முதுகு எதையும் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா தானாகவே துண்டை வைத்துவிட்டு வந்தாள். விளம்பர உடம்புகளை மட்டுமே பார்த்து வளரும் என் பத்து வயது மகள், பிள்ளை பெற்று உழைத்து மூத்த ஓர் உடம்பை அன்றுதான் பார்த்தாள். இதற்காகவே பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம்.

சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். நன்றாக ஊறியபின் 'இத்தாலி டவல்' என்ற சொரசொரப்பான உறையைக் கையில் மாட்டித் தேய்த்தால் அழுக்கு திரிதிரியாக உருளும். நம் பீர்க்கங்காய் நாரெல்லாம் அதனிடம் தோற்றுவிடும். தனிக்காசு கொடுத்தால் தேய்த்துவிடவே ஆட்கள் இருக்கிறார்கள்.

பிறகு சீருடை மாட்டிக்கொண்டு எல்லோரும் பொதுக்கூடத்தில் சேரலாம். தரை வெதுவெதுப்பாக இருக்கும். மகன் சுட்ட முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குக் குளிர்ந்த ஷிக்கே பிடித்துப்போனது. அரிசியும் முளைகட்டிய பார்லியும் சேர்த்துச் செய்யும் இனிப்புப் பானம். சுற்றிலும் உப்பு அறை, செம்மண் அறை, கரி அறை, உடம்பு ஆற ஒரு பனி அறை.

கல்லும் மண்ணும் வைத்துக் குவிமாடமாகக் கட்டிய சூளைதான் இவற்றில் மூத்தது. கொரியாவை ஆண்ட செஜோங் மன்னர் காலத்தில் (1418–1450) பௌத்தத் துறவிகள் இத்தகைய வியர்வைக் கூடங்களில் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். நோய் இன்னதென்று பாராமல் வியர்க்க வைத்ததில் சிலர் இறந்துபோகவே, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பார்த்து அனுமதிக்கும்படி அரசர் உத்தரவிட்டார். அந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவை நாங்கள் சூளைக்குள் விடவில்லை. மிதமான செம்மண் அறையில் சிறிது நேரம் உட்காரவைத்தோம்.

இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சூட்டறைக்குள் போக வேண்டாம். குழந்தைகளுக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். கொரோனாவுக்குப் பின் பல ஜிம்ஜில்பாங்குகள் மூடப்பட்டுவிட்டன, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கூச்சப்படுவார்களே என்று வீட்டுப் பெரியவர்களை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.