பத்து வயதுப் பையன் இடுப்பில் தொங்கிய நாஜி கத்தி: எந்த வருஷத்தது, ஒரிஜினலா டூப்ளிகேட்டா... எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்த நீளம் ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் அதிகம், சுமார் 25 சென்டிமீட்டர். அதில் அலகு மட்டும் 14 சென்டிமீட்டர். நிக்கல் முலாம் பூசிய பிடி, இரண்டு பக்கமும் சொரசொரப்பாகக் கட்டம் போட்ட கறுப்புப் பட்டை, அதில் ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பும் வெள்ளையுமான சாய்சதுரச் சின்னம். சின்னத்தின் நடுவே நாஜி ஸ்வஸ்திகா. துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட்டைச் சின்னதாக்கியது போல இருக்கும். கறுப்பு பெயின்ட் அடித்த இரும்பு உறை, பெல்ட்டில் கோர்க்க ஒரு தோல் பட்டை. இதுதான் 'ஹிட்லர் யூத்' கத்தி. பழைய ஜெர்மன் பொருட்களைச் சேகரிப்பவர்களிடம் இதற்குப் பெரிய கிராக்கி. அதனாலேயே போலிகளும் ஏராளம்.

ஜெர்மன் மொழியில் இதற்குப் பெயர் 'ஃபார்ட்டன்மெஸ்ஸர்'. பயணக் கத்தி என்று அர்த்தம். நாஜிகளுக்கு முன்பே அங்கே பிள்ளைகள் கூட்டமாகக் காட்டுக்கும் மலைக்கும் நடைப்பயணம் போவது பெரிய இயக்கமாக இருந்தது. 1901இல் பெர்லின் பக்கம் உருவான 'வாண்டர்ஃபோகல்' அமைப்பு அதற்கு முன்னோடி. ரொட்டி வெட்ட, குச்சி சீவ இடுப்பில் ஒரு கத்தி இருப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் சகஜம். 1933இல் ஆட்சியைப் பிடித்த ஹிட்லரின் கட்சி அந்தப் பழக்கத்தைக் கையிலெடுத்து, சீருடையின் அங்கமாக மாற்றியது.

கட்சியின் இளைஞர் அமைப்பில் 10 முதல் 14 வயது வரை 'யுங்ஃபோல்க்', 14 முதல் 18 வரை ஹிட்லர் யூத். சேர்ந்த உடனே கத்தி கட்டிக்கொள்ள முடியாது. 60 மீட்டரை 12 விநாடியில் ஓட வேண்டும், 2.75 மீட்டர் நீளம் தாண்ட வேண்டும், பந்தை 25 மீட்டர் தூரம் எறிய வேண்டும், நீண்ட நடைப்பயணம் போய் வர வேண்டும், கட்சிப் பாட்டை ஒப்பிக்க வேண்டும். ஏறக்குறைய பள்ளி விளையாட்டு விழாதான். ஆனால் இங்கே பரிசு, கத்தி கட்டும் உரிமை.

சரி, கையில் ஒரு கத்தி கிடைத்திருக்கிறது. எந்த வருஷத்தது என்று எப்படிச் சொல்வது?

முதலில் அலகைப் பாருங்கள். 'ப்ளூட் உண்ட் ஏரே!' என்று ஒரு வாசகம் கையெழுத்துப் பாணியில் இருக்கிறதா? 'ரத்தமும் மானமும்' என்பது அதன் பொருள். 1938க்குப் பிறகு செய்த கத்திகளில் இந்த வாசகம் கிடையாது. எழுத்து இருந்தால் முற்பகுதி, இல்லாவிட்டால் பிற்பகுதி என்பது ஆரம்பக் கணக்கு. இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவோம். ஏனென்றால் போலி செய்பவர் முதலில் சேர்ப்பதே இந்த வாசகத்தைத்தான்.

அடுத்தது, பிடியை ஒட்டி அலகின் அடியில் உள்ள தயாரிப்பாளர் முத்திரை. வயதைச் சொல்வதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. இந்தக் கத்திகளின் தாயகம் சோலிங்கன், ஜெர்மனியின் கத்தி நகரம். ஆரம்ப வருஷங்களில் ஒவ்வொரு பட்டறையும் தன் பெயரையும் சின்னத்தையும் பெருமையாகப் பொறித்தது. பிறகு கட்சியின் கொள்முதல், தரக்கட்டுப்பாட்டு அலுவலகமான ஆர்இசட்எம் உள்ளே வந்தது. 1930களின் நடுவில் நிறுவனங்களுக்கு எண் கொடுத்தார்கள். எம்7 என்பது கத்தி வகைக்கான குறியீடு, அதன் பின்னால் வருவது நிறுவன எண். எம்7/66 என்றால் கார்ல் ஐக்ஹார்ன், எம்7/27 என்றால் பூமா. கொஞ்ச காலம் நிறுவனச் சின்னமும் எம்7 எண்ணும் ஒரே அலகில் சேர்ந்து வந்தன. சேகரிப்பாளர்கள் இவற்றை 'இடைக்காலக் கத்தி' என்று தனியாகத் தேடுவார்கள். அதன் பிறகு நிறுவனப் பெயர் போய்விட்டது, எண் மட்டும் மிஞ்சியது. பெயரோடு இருந்த பட்டறைகளை ஒரு கட்சி அலுவலகம் எப்படி வெறும் எண்ணாக்கியது என்பதை இந்த முத்திரைகளிலேயே படிக்கலாம். எனக்கு இந்தக் கத்திகளில் ஆர்வம் வந்ததே இதனால்தான்.

பிற்காலக் கத்திகள் பலவற்றில் எண்ணோடு வருஷமும் இருக்கும். அந்த வருஷத்தை வெறும் விலைக்கான தகவலாகப் பார்க்காமல், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1936இல் பத்து வயதில் இதைக் கட்டிய பையன் 1926இல் பிறந்தவன். 1943இல் எஸ்எஸ் படையின் 12ஆவது 'ஹிட்லர் யூகெண்ட்' டிவிஷனை உருவாக்கியபோது ஆள் எடுத்தது பெரும்பாலும் அந்த 1926ஆம் வருஷப் பிள்ளைகளைத்தான். அடுத்த கோடையில் அவர்கள் நார்மண்டி போர்முனையில் நின்றார்கள். பலர் திரும்பவில்லை.

இப்போது போலி விஷயம். இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். போர் முடிந்ததும் நாஜிச் சின்னத்தோடு எதையும் வைத்திருக்கப் பயந்து, பலர் கத்தியிலிருந்து சின்னத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். ஆக, சின்னம் இல்லாத கத்தி அசலாக இருக்கலாம். மறுபக்கம், போருக்குப் பிறகு ஏறக்குறைய இதே வடிவில் சாரணர் கத்திகள் வந்தன, அல்லிப்பூச் சின்னத்தோடு. அல்லியைக் கழற்றிவிட்டு ஸ்வஸ்திகாவை ஒட்டினால் முடிந்தது வேலை. ஆக, சின்னம் உள்ள கத்தி போலியாகவும் இருக்கலாம்!

அதனால் தனித்தனி அடையாளத்தை நம்பாமல், எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 'ரத்தமும் மானமும்' வாசகமும் இருக்கிறது, பக்கத்திலேயே 1941 என்றும் இருக்கிறது என்றால் உடனே சந்தேகப்படுங்கள். வாசகத்தை விரலால் தடவிப் பாருங்கள். அசலில் அது அமிலத்தால் அரித்து எழுதியது, மெல்லியதாக இருக்கும். ஆழமாகக் குத்தி அடித்தது போல இருந்தால் சரியில்லை. சின்னம் எனாமலா, வெறும் பெயின்ட்டா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அலகில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும். இரும்பு உறையில் பல வருஷம் உருவிச் செருகியதன் தடம் அது. பிடி நன்றாகத் தேய்ந்திருக்க, அலகு மட்டும் நேற்று வாங்கியது போல மின்னினால், இரண்டு கத்திகளின் பாகங்களைச் சேர்த்திருக்கலாம்.

'தாத்தா போர்முனையிலிருந்து கொண்டுவந்தது' என்ற கதையோடுதான் பெரும்பாலான கத்திகள் விற்பனைக்கு வரும். கதைக்குத் தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மன் குற்றவியல் சட்டப் பிரிவு 86ஏ, நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைத் தடை செய்கிறது. கல்வி, கலை, ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. சேகரிப்பாக வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. அதனால்தான் அங்குள்ள ஏல நிறுவனங்களின் படங்களில் ஸ்வஸ்திகா மட்டும் மறைக்கப்பட்டிருக்கும். படத்தில் சின்னம் தெரியவில்லை என்று போலி என முடிவுகட்டிவிடாதீர்கள்.

அசல் கிடைத்துவிட்டால் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்டால் அரித்து எழுதிய வாசகம்தான் முதலில் தேயும். அதோடு விலையும் போச்சு. உறையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஆணியால் கீறிய ஒரு பெயர் இருக்கும், பிள்ளைக் கையெழுத்தில்.