ஒரு காகிதம், பல சட்டைகள்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. அந்த ஆடையிலும் துணி பாதி, வெட்டு பாதி என்பது என் தாயார் சொல்லும் புதுமொழி. கணிதம் இரண்டாம் ஆண்டு பயிலும் உனக்குத் தையலைப் பற்றி எழுத என்ன உரிமை என்று தோழியர் கேட்கக்கூடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் என் பேருந்துச் செலவையும் தேர்வுக் கட்டணத்தையும் மிதித்துத் தருவது அம்மாவின் தையல் இயந்திரமே. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியது. வெளிமாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் பலர், ஓர் அறைக்கு நால்வர், அறுவர் எனத் தங்கியிருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் எல்லோருக்கும் ஒரே நிறச் சீருடை. ஏழாம் நாள் ஒருத்தியைப் போல் இன்னொருத்தி இருக்கக் கூடாது என்பது அவர்கள் விருப்பம். நியாயந்தானே! ஆனால் வெட்டுக்கு வெட்டு புதிதாக அளவெடுத்து, செய்தித்தாளில் வரைந்து, பிறகு துணியில் கத்தரி வைப்பதென்றால் அம்மாவுக்கு ஒரு நாளில் இரண்டு சட்டைக்கு மேல் நகராது. இதற்கு நாங்கள் கண்ட வழிதான் ஒரே காகிதம். கடைகளில் ‘டாப்ஸ்’ என்று கேட்கிறோமே, அந்த மேல்சட்டைக்கு ஒரே ஒரு கட்டிங். மற்ற வேறுபாடுகளெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

காகிதத்தில் கட்டிங் வெட்டிப் பலருக்கும் பயன்படுத்துவது புதிய செய்தியன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் என்பவர் 1863ஆம் ஆண்டிலேயே பல அளவுகளில் காகித வெட்டுகளைச் செய்து விற்றார். நம் மாநிலத்தில் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கான விலையில்லாச் சீருடைகளைத் தைத்துத் தருகிறார்கள். சீருடையில் வெட்டு எல்லோரையும் ஒன்றுபோல் ஆக்குகிறது. எங்கள் வீட்டிலோ ஒரே வெட்டை வைத்து எல்லோரையும் வெவ்வேறாக்க வேண்டியிருக்கிறது.

நம் மக்கள் வெட்டித் தைத்த உடையை அறியாதவர்கள் அல்லர். ‘மெய்ப்பை’ என்ற சொல் முல்லைப்பாட்டிலேயே வருகிறது. ஆனால் அங்கே அதை அணிந்து நிற்பவர்கள் யவனர்கள். நமக்குப் பெருவழக்கு வேட்டி, சேலை, துண்டு என்று தறியிலிருந்து வந்தபடியே உடுத்தும் துணிதான். எங்கள் பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டியது இத்தகைய துணி வாணிபத்திற்காகத்தான். அங்கிருந்து கடல் கடந்தவற்றுள் சதுரக் கைக்குட்டைத் துணி புகழ்பெற்றது. இன்றும் மெக்சிகோவில் அத்தகைய துணிக்குப் ‘பாலியகாத்தே’ என்று பெயர். அது பழவேற்காட்டின் பெயரிலிருந்தே வந்தது என்பர். தறியின் அகலம் எவ்வளவோ அதற்கேற்பத்தான் உலகெங்கும் சட்டையின் வெட்டு அமைந்தது என்று கனடா நாட்டு டாரதி பர்னம் 1973இல் ஒரு நூலில் விளக்கியிருக்கிறார். இதை நான் சொன்னபோது அம்மா, “பன்னாவைப் பார்த்துத்தானே கத்தரி வைப்பாங்க! இதுக்கு ஒரு புஸ்தகமா?” என்றார்.

இனிக் காகிதத்திற்கு வருவோம். மார்பு 34 அங்குலம் என்று கொள்க. காகிதத்தில் வரைவது உடலில் கால் பங்கு, ஆகவே 8½. தளர்ச்சிக்கு 2, தையலுக்கு 1 சேர்த்தால் 11½. இடுப்புச் சுற்று 38 என்றால் கால் பங்கு 9½. அதனுடன் 2½ சேர்த்து அடிப்பக்கம் 12 அங்குலம். நீளம் 26 வேண்டுமானால் தோள் தையலுக்கு அரை, கீழே மடித்து அடிக்க ஒன்று, ஆக 27½. கழுத்தின் பாதி அகலம் மார்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2¾. கழுத்து இறக்கம் முன்புறம் 6, பின்புறம் 1. முன்பின் இரண்டுக்கும் வேறுபாடு இது ஒன்றுதான். கையைத் தனியே வெட்ட வேண்டாம். தோள் கோட்டை நடுவிலிருந்து 14 அங்குலம் வரை நீட்டி, முனையில் 1½ அங்குலம் சரித்துவிட்டால் அதுவே கை. கைவாய் 7 அங்குலம். மேல் கோட்டிலிருந்து 10 அங்குலம் கீழே அக்குள். கைவாயையும் பக்கக் கோட்டையும் கூர்மூலையாக அன்றி வளைவாக இணைக்க வேண்டும்.

இந்த வளைவில்தான் இத்தகைய சட்டைகள் உயிரை விடுகின்றன. கையைத் தூக்கும்போதெல்லாம் இழுவிசை அந்த ஓரிடத்தில் சேர்கிறது. ஆகவே அங்கே இரட்டைத் தையல் போட்டு, உட்புறம் விட்ட துணியில் தையல் நூலைத் தொடாமல் சிறு சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். இல்லையேல் வளைவு சுருங்கி இழுக்கும். உடலோடு ஒட்டிய சட்டை கேட்பவர்களுக்கு அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைப்பதுண்டு. பழைய வடநாட்டுக் குர்தாக்களில் இவ்வழக்கத்தைக் காணலாம்.

துணிக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. கையோடு சேர்த்து முன்பக்கத்தின் முழு அகலம் 28 அங்குலம். 44 பன்னாத் துணியில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அருகருகே வைக்க இடமில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 55 அங்குலம். 1½ மீட்டர் போதும். ஓரத்தில் 16 அங்குல அகலப் பட்டை மீதி. காலர், பாக்கெட், கழுத்துப் பட்டி எல்லாம் அதிலிருந்து வரும். 36 பன்னாவிலும் அதே 1½ மீட்டர்தான். மீதிப் பட்டை மட்டும் எட்டே அங்குலம். 58 பன்னா கிடைத்தால் இரண்டும் அருகருகே அமர்ந்து ¾ மீட்டரில் சட்டையே முடிந்துவிடும்! ஆனால் கழுத்துப் பட்டிக்குத் துணி மிஞ்சாது. வேறு நிறத்தில் பட்டி வைக்க வேண்டிவரும். பல சமயம் அதுதான் அழகு. பருத்தியானால் வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்துவது கட்டாயம்.

சென்ற பொங்கலின்போது ஓர் அறையில் தங்கியிருந்த ஆறு பெண்கள் கொருக்குப்பேட்டையில் ரயில் இறங்கி, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நீலக் கோடு போட்ட துணி ஒன்பது மீட்டர் வாங்கி வந்தார்கள். 44 பன்னா. மொத்தமாக எடுத்ததால் மலிவு. “அக்கா, துணி ஒண்ணுதான், ஆனா ஆறும் ஆறு மாதிரி இருக்கணும்” என்றார்கள். அந்த ஆறு சட்டைக் கூலியைத்தான் அம்மா என் தேர்வுக் கட்டணத்திற்கென்று மனத்தில் ஒதுக்கியிருந்தார். கட்டணம் செலுத்த மூன்று நாளே இருந்தது.

முதல் சட்டைக்கு ‘வி’ கழுத்து, பக்கங்களில் திறப்பு. இரண்டாவது, நடு மடிப்பில் வெட்டாமல் முன்பக்கத்தை இரு பாதியாக்கி, ஒவ்வொன்றிலும் 1½ அங்குலம் கூட்டிப் பட்டி வைத்துக் காஜா எடுத்தது. மூன்றாவதற்குக் கழுத்தைச் சுற்றி நிற்கும் சைனீஸ் காலர். நான்காவதில் காகித நகலை மார்புக்குக் கீழே, தோளிலிருந்து 13 அங்குலத்தில் குறுக்காக வெட்டி, கீழ்ப்பகுதியின் அகலத்தை ஒன்றரை மடங்காக்கிச் சுருக்கம் வைத்தோம். ஐந்தாவது சட்டைக்கு வெட்டில் மாற்றமே இல்லை. மீதிப் பட்டைகளைக் கையின் முனையிலும் அடிப்பக்கத்திலும் கோடுகள் குறுக்கே ஓடும்படி வைத்தோம். ஆறாவதற்குக் காகிதத்தையே திருப்பிப் போட்டோம். நீளம் துணியின் அகலவாக்கில் அமைய, கோடுகள் எல்லாம் படுக்கையாக வந்தன. ஆறையும் கொடியில் போட்டபோது பக்கத்து வீட்டு அத்தை, “ஆறு பேர் தைச்சதா?” என்று கேட்டார். மூன்றாம் நாள் காலை கூலி கைக்கு வந்தது. பகலில் கட்டணம் செலுத்தினேன்.

திருப்பிப் போடும் இந்த உத்தி பழைய சேலைக்கு மிகவும் ஏற்றது. சேலையின் கரை நீளவாக்கில் ஓடுவதால், காகிதத்தைத் திருப்பினால் கரை தானாகவே சட்டையின் அடிப்பக்கத்தில் வந்து அமரும். 5½ மீட்டர் என்பது 216 அங்குலம். 28 அங்குலத்திற்கு ஒரு துண்டு என்றால் ஏழு துண்டுகள். அதாவது மூன்று சட்டைகள், கிழிசல் விழுந்த இடத்திற்கு ஈடாக ஒரு துண்டு மிச்சம். எதிர்ப்புறக் கரையும் வீணாவதில்லை, பட்டியாகும்.

நான்கு கழுத்து, மூன்று நீளம், முன்திறப்பு உண்டு அல்லது இல்லை, சுருக்கம் உண்டு அல்லது இல்லை, பெருக்கினால் நாற்பத்தெட்டு. கணிதம் இப்படிச் சொன்னாலும் கண் அதை ஒப்புவதில்லை. 26 அங்குலச் சட்டைக்கும் 28 அங்குலச் சட்டைக்கும் வேறுபாடு அணிபவளுக்குத்தான் தெரியும். கண் முதலில் பார்ப்பது கழுத்தை. அடுத்தது கோடு ஓடும் திசையை. நேரம் குறைவென்றால் இவ்விரண்டை மாற்றினாலே போதும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் எங்கள் வீட்டில் உண்டு. மூலக் காகிதத்தில் கத்தரி படக் கூடாது. மாற்றம் எதுவானாலும் செய்தித்தாளில் நகல் எடுத்து அதில்தான். மூலம் கெட்டியான அட்டையில் இருக்கிறது. மடிக்காமல், ஓட்டையிட்டு ஆணியில் மாட்டியிருக்கிறோம். அதில் 32, 34, 36, 38 என நான்கு அளவுகளுக்கு நான்கு நிறக் கோடுகள். மார்பு 2 அங்குலம் கூடினால் கால் பங்கில் அரை அங்குலம் கூடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அம்மா இப்போது அளவு எண்ணைக் கூடச் சொல்வதில்லை. “சிவப்புக் கோட்டுல வெட்டு” என்கிறார். நாளொன்றுக்கு நான்கு சட்டை முடிகிறது.

அரை அங்குலக் கணக்கு 38 வரை பிசகாது. அதற்கு மேல் மார்பு கூடும் அளவுக்குத் தோள் கூடுவதில்லை. அதே விகிதத்தில் கோட்டை நகர்த்தினால் கழுத்து தோளிலிருந்து வழியும். 42 அளவுக்காரர் ஒருவர் துணி கொடுத்துப் போயிருக்கிறார். அவருக்குத் தோளைத் தனியே அளந்து இரண்டாவது அட்டை ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன்.