ஒரே பெயர், வேறு வேறு வாட்: கேமிங் லேப்டாப்பா, அசெம்பிள் கணினியா?

கவுன்சலிங்கில் கல்லூரி உறுதியான கையோடு பல வீடுகளில் கிளம்பும் அடுத்த பேச்சு கம்ப்யூட்டர் பற்றியது. கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கும். ஏன் என்று கேட்டால் ஆட்டோகேட் ஓட வேண்டும், ஏஐ பழக வேண்டும், வீடியோ எடிட்டிங் இருக்கிறது என்று காரணங்கள் வரிசையாக வரும். உண்மைக் காரணம் அப்பாவுக்கும் தெரியும், தெரியாததுபோல் இருந்துவிடுவார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, "இந்தக் காசுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணினா ரெண்டு மடங்கு ஸ்பீடு கிடைக்குமே அங்கிள்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள, லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய ஸ்டிக்கரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டிக்கர் சொல்லாத எண்

கேமிங் கணினியின் விலையையும் வேகத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது கிராபிக்ஸ் சிப். இந்தியக் கடைகளில் விற்கும் கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசை. டெஸ்க்டாப் கார்டுக்கும் லேப்டாப் சிப்புக்கும் என்விடியா ஒரே எண்ணைத்தான் வைக்கிறது. உள்ளே இருப்பது மட்டும் ஒன்றல்ல.

ஆர்டிஎக்ஸ் 4090-ஐ எடுத்துக்கொள்வோம். டெஸ்க்டாப் கார்டில் 16,384 கோர்கள், 24 ஜிபி நினைவகம். 450 வாட் மின்சாரம் வரை இழுக்கும். அதே 4090 என்ற பெயரில் லேப்டாப்பில் வருவது 9,728 கோர்கள், 16 ஜிபி. மின்சாரம் 80 முதல் 150 வாட். அது உண்மையில் டெஸ்க்டாப் 4080 கார்டில் இருக்கும் சிப்பின் இன்னொரு வடிவம். அடுத்த தலைமுறையான 5090-இல் இடைவெளி இன்னும் விரிந்தது. டெஸ்க்டாப்புக்கு 21,760 கோர்கள், லேப்டாப்புக்கு 10,496. பாதிகூட இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. முன்பு லேப்டாப் சிப்பின் எண்ணுக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்; இது இளைத்த வடிவம் என்று வாங்குபவருக்குப் புரியும். 2016-இல் ஜிடிஎக்ஸ் 10 வரிசை வந்தபோது என்விடியா அந்த எழுத்தை எடுத்துவிட்டது. அப்போது அதில் நியாயம் இருந்தது: ஜிடிஎக்ஸ் 1080 இரண்டு இடத்திலும் 2,560 கோர்களோடுதான் வந்தது. 2021-இல் லேப்டாப்புக்கு வந்த 30 வரிசையில் டெஸ்க்டாப் 3080-க்கு 8,704 கோர்கள், லேப்டாப் 3080-க்கு 6,144 என்று சிப்பே வேறாகிப்போனது. போன எழுத்து மட்டும் திரும்பி வரவில்லை.

இதைவிட முக்கியமானது வாட் கணக்கு. லேப்டாப் 4060 சிப்புக்கு என்விடியா தரும் மின் அளவு 35 முதல் 115 வாட் வரை. எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் தயாரிப்பாளரின் விருப்பம். ஆக, கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் இரண்டு 4060 லேப்டாப்களில் ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு மின்சாரத்தில் ஓடலாம். மெலிந்து, அழகாக, எடை குறைவாக இருப்பது பெரும்பாலும் குறைந்த வாட் மாடல். தயாரிப்பாளரின் இணையதளத்தில் விவரக்குறிப்பின் அடியில் 'டிஜிபி' என்ற பெயரில் இந்த எண் இருக்கும். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 4060 அளவில் டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் ஒரே 3,072 கோர்கள், ஒரே 8 ஜிபி. டெஸ்க்டாப் கார்டே 115 வாட் தான் என்பதால், முழு வாட் கொடுக்கும் லேப்டாப் அதற்குப் பெரிதாகப் பின்தங்குவதில்லை. ஒரு படி மேலே 4070-க்குப் போனால் கதை மாறுகிறது. டெஸ்க்டாப்பில் 5,888 கோர்கள், 12 ஜிபி, 200 வாட். லேப்டாப்பில் 4,608 கோர்கள், அதே 8 ஜிபி, அதே 115 வாட் உச்சவரம்பு. 4060-இலிருந்து 4070 லேப்டாப்புக்குத் தாவக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஸ்டிக்கருக்குத்தான் போகிறது. 50 வரிசையிலும் 5060, 5070 லேப்டாப்கள் இரண்டுக்கும் 8 ஜிபி தான். டெஸ்க்டாப் 5070-க்கு 12.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 60-இல் முடியும் எண் வரை லேப்டாப் கௌரவமான பொருள். அதற்கு மேல் போகப் பணம் இருந்தால் டெஸ்க்டாப்பில் போடுங்கள். இரண்டரை, மூன்று லட்சம் ரூபாய் கேமிங் லேப்டாப் என்பது, ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்க்கும் வீடியோ எடிட்டர் போன்ற சிலரைத் தவிர, யாருக்கும் கட்டுப்படியாகாது.

வெயில் காலத்து உண்மை

ஏன் லேப்டாப்பில் 450 வாட்டைக் கொடுக்க முடியாது? இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியேற வேண்டும். டெஸ்க்டாப் கேபினட்டுக்குள் பெரிய விசிறிகளும் அலுமினியத் தகடுகளும் காற்று ஓட இடமும் இருக்கின்றன. இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள லேப்டாப்பில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே செப்புக் குழாய்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. சூடு 95, 100 டிகிரியைத் தொட்டால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் பறந்த விளையாட்டு அரை மணி நேரத்தில் இழுத்து இழுத்து ஓடுவது இதனால்தான்.

யூடியூபில் பார்க்கும் விமர்சனங்களில் பல, 22 டிகிரி ஏசி அறையில் சோதித்தவை. விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறைக் காற்றைவிடச் சிப்பைக் குளிர்விக்க முடியாது. மே மாத வேலூரில், ஏசி இல்லாத அறையில், காற்றே 38 டிகிரி இருக்கும்போது அந்த விமர்சனத்தின் எண்கள் பொருந்தாது. மெத்தைமேல் வைத்து விளையாடினால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபட்டு நிலைமை இன்னும் மோசமாகும். பின்பக்கத்தை இரண்டு விரல்கடை உயர்த்தி வைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து தூசி தட்டுவதும் செலவில்லாத வைத்தியங்கள்.

கரண்ட் போனால்?

லேப்டாப்பின் பக்கம் நின்று பேசுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் வாதம் இது. லேப்டாப்புக்குள் ஒரு யூபிஎஸ் இலவசமாக இருக்கிறது. கரண்ட் போனால் திரை கண் சிமிட்டக்கூடச் செய்யாது. ஆனால் பேட்டரியில் தொடர்ந்து விளையாடலாம் என்று நினைக்க வேண்டாம். விமானத்தில் தடையின்றிக் கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-மணி என்பதால் பெரிய லேப்டாப்களின் பேட்டரிகூட அதற்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். முழு வேகத்தில் 150 வாட்டுக்கு மேல் கேட்கும் எந்திரத்துக்கு அது அரை மணி நேரத் தீனி. அதனால் பிளக்கைப் பிடுங்கியதுமே வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும்படி தயாரிப்பாளர்கள் அமைத்துவிடுவார்கள்.

டெஸ்க்டாப்புக்குத் தனியாக யூபிஎஸ் வாங்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். 4060 அளவு கணினியும் மானிட்டரும் அதற்குள் அடங்கும். கார்டு பெரிதானால் 1 கேவிஏவுக்கு மேல் போக வேண்டும். எப்படியானாலும் அது சேமித்துவிட்டு அணைக்க நேரம் தருவதற்குத்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதில் 'யூபிஎஸ் மோட்' சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டுவிட்டால் மின்சாரம் மாறும் இடைவெளி குறையும்; கணினி ரீஸ்டார்ட் ஆகாமல் தப்பிக்கும் வாய்ப்பு கூடும்.

மின்கட்டணத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். சுமார் 300 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பில் தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 170 வாட் லேப்டாப்பில் சுமார் 41. தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஃபிரிட்ஜும் ஃபேனும் அதை எப்போதோ தின்று முடித்திருக்கும். வித்தியாசம் 30 யூனிட் தானே என்று விட்டுவிடலாம். ஆனால் 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடு என்றால் கவனம் தேவை. அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடிவிடும்.

ரிச்சி ஸ்ட்ரீட் கணக்கு

சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் இந்தத் தெருவில் எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு தம்பி?" அதற்கு எண்ணைச் சொல்லிவிட்டால், அந்த எண்ணுக்குச் சரியாக ஒரு கொட்டேஷன் வரும். எண்ணைச் சொல்லாமல் பாகங்களின் பட்டியலை எழுதிக்கொண்டு போய், மூன்று கடைகளில் விலை கேட்பதுதான் முறை.

கடை கொடுக்கும் கொட்டேஷனில் முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் தரும் பெட்டி. மற்றதெல்லாம் பிராண்டும் மாடலும் எழுதியிருக்க, இந்த இடத்தில் மட்டும் '450 வாட்' என்று மொட்டையாக இருக்கும்; சில சமயம் கேபினட்டோடு சேர்ந்தே வந்துவிடும். முப்பதாயிரம் ரூபாய் கார்டுக்குச் சோறு போடுவது அந்தப் பெட்டிதான். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் மலிவான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போவதில்லை. '80 பிளஸ்' சான்று பெற்ற, மாடல் பெயர் உள்ள ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது ரேம்: 16 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட 8 ஜிபி குச்சிகள் இரண்டு போட்டால் விளையாட்டு வேகமாக ஓடும். ஒற்றைக் குச்சியோடு விற்கும் கேமிங் லேப்டாப்களும் நிறைய உண்டு. மதர்போர்டில் வைஃபை இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவு போர்டுகள் பலவற்றில் இருக்காது.

பக்கத்து வீட்டு அண்ணனின் கணக்கு வழுக்குவது இங்கேதான். அவர் கூட்டுவது கேபினட்டுக்குள் இருப்பதை மட்டும். மானிட்டர், கீபோர்டு, ஆன்லைன் வகுப்புக்கு கேமரா, யூபிஎஸ், விண்டோஸ் உரிமம் எல்லாம் லேப்டாப் விலைக்குள் ஏற்கனவே இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால், ஒரு லட்சத்தை ஒட்டிய பட்ஜெட்டில் இரண்டு மடங்கு வேகம் என்பது நடக்காது. நல்ல 4060 லேப்டாப்புக்கும் அதே விலை டெஸ்க்டாப்புக்கும் வித்தியாசம் இருக்கும், ஆனால் தெருவே பேசும் அளவுக்கு இருக்காது.

இதில் இன்னொரு அடி 2025 கடைசியில் விழுந்தது. ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் ரேம் விலை மளமளவென்று ஏறியது. குருஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. தனியாக ரேம் வாங்கி அசெம்பிள் செய்பவரை இப்படிப்பட்ட ஏற்றம் உடனே சுடும். பழைய சரக்காக நிற்கும் லேப்டாப்பில் அது தாமதமாகத்தான் தெரியும்.

டெஸ்க்டாப்பின் உண்மையான பலம் வாங்கும் நாளில் தெரியாது. மூன்றாம், நான்காம் ஆண்டில் தெரியும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை எண்ணிப் பாருங்கள். 2017-இல் முதல் ரைசனுக்காக வாங்கிய மதர்போர்டுகளில் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரைச் செருக முடிந்தது. இப்போதைய ஏஎம்5 சாக்கெட்டுக்கும் நீண்ட ஆயுளை அந்நிறுவனம் உறுதியளித்திருக்கிறது. கார்டைக் கழற்றி விற்றுவிட்டுப் புதியது போடலாம். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் போர்டோடு பற்றவைத்தது. மாற்ற முடிவது எஸ்எஸ்டியும், அதிர்ஷ்டம் இருந்தால் ரேமும்.

வாரண்டியும் அப்படித்தான். டெஸ்க்டாப் பாகங்களில் பலவற்றுக்கு மூன்று ஆண்டு, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்துக்கும் மேல். லேப்டாப்புக்குச் சாதாரணமாக ஓராண்டு. ஆனால் ஒருநாள் காலை "டிஸ்பிளே வரலை" என்றால், ரேமா, கார்டா, போர்டா என்று கண்டுபிடித்து அந்தந்த சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது உங்கள் பாடு. சென்னையில் இருப்பவருக்கு அது ஒரு மதியம். தர்மபுரியிலோ தென்காசியிலோ இருப்பவருக்கு கூரியர் செலவும் இரண்டு வாரமும். அங்கெல்லாம் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்வதே நல்லது. பிரச்சினை என்றால் திறந்து பார்க்க ஓர் ஆள் இருப்பார்.

பழைய கார்டு வாங்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றிக்கொண்டு கிராபிக்ஸ் கார்டு மைனிங்குக்கு முடிவு கட்டியபின், இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. 30 வரிசைப் பழைய கார்டு என்றால் பில் கேளுங்கள், ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எங்கே தங்குகிறீர்கள்?

வேகத்தைவிட இந்தக் கேள்விதான் பலருக்கு முடிவைச் சொல்லும். விடுதிக்குப் போகும் மாணவருக்கு லேப்டாப். அதில் விவாதமே இல்லை. ஒரே மேசையை இருவர் பகிரும் அறையில் மானிட்டருக்கு இடம் இருக்காது. செமஸ்டருக்குச் செமஸ்டர் அறை மாற்றுவார்கள், ஒவ்வொரு விடுமுறைக்கும் மூட்டை கட்ட வேண்டும். வீட்டிலிருந்து போய்வரும் மாணவருக்கு நிலைமை வேறு. கேமிங் லேப்டாப் இரண்டேகால், இரண்டரை கிலோ, அடாப்டர் தனி. பேட்டரி வகுப்பு முடியும்வரை தாங்காது. காலேஜ் பஸ்ஸில் அதைத் தினமும் சுமப்பதற்குப் பதில், முப்பத்தைந்து, நாற்பதாயிரத்தில் ஒரு சாதாரண லேப்டாப்பும் மீதிப் பணத்தில் வீட்டில் ஒரு அடக்கமான டெஸ்க்டாப்பும் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் தம்பி இருவர் இருக்கும் வீட்டில் இது சண்டையையும் குறைக்கும்.

என்ன விளையாடப் போகிறீர்கள் என்பதும் உண்டு. 2020-இல் வந்த வேலரன்ட் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலேயே ஓடும்படி எழுதப்பட்டது. 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5-க்கும் பெரிய கார்டு தேவையில்லை. அதே 2020-இல் வந்த சைபர்பங்க் 2077 இன்றைக்கும் எந்திரத்தைப் பிழிந்துவிடும். நண்பர்கள் எல்லோரும் வேலரன்ட் மட்டுமே ஆடுகிறார்கள் என்றால் ஒரு லட்சத்துக்கான அவசியமே இல்லை. இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

லேப்டாப் என்று முடிவானால், டெமோ வைத்திருக்கும் ஷோரூமுக்குப் போய், சார்ஜரைச் செருகிய நிலையில் ஒரு பெரிய கேமை இருபது நிமிடமாவது ஓடவிடச் சொல்லுங்கள். திரையின் மூலையில் கிராபிக்ஸ் சிப்பின் வாட்டையும் வெப்பத்தையும் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. ஸ்டிக்கரில் இல்லாத எண் அங்கே தெரியும். கடையில் மறுத்தால், நீங்கள் சேரப்போகும் விடுதியில் அதே மாடலை வைத்திருக்கும் சீனியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஏப்ரல் மாதத்தில் அது எப்படி ஓடியது என்று அவரிடம் கேளுங்கள்.