தேயிலைச் செல்வமும் நிறுவனங்களின் தரமும்

இயற்கை வளம் மிக்க நாடுகள் யாவும் செல்வத்திற் சிறந்தன அல்ல. நோர்வே தன் எண்ணெய் வருவாயைப் பெரும் சேமநிதியாக்கிற்று. நைஜீரியாவிலோ அதே எண்ணெய் மக்களுட் பெரும்பாலோரை வறுமையினின்று மீட்கவில்லை. இவ்வேறுபாட்டிற்கு நிறுவனங்களின் தரமே தலையாய காரணம் என்பர் பொருளியலறிஞர் பலர். ஈண்டு நிறுவனம் என்றது சட்டம், உரிமை, கல்வி முதலியவற்றைப் பேணும் ஏற்பாடுகளை. அட்டன், நுவரெலியா மலைச்சாரல்கள் இக்கருத்தை ஆராய்தற்கு ஏற்ற களமாம்.

1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். ஈராண்டிற்குள் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கவே, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. 1883இல் கொழும்பில் ஏலவிற்பனை ஆரம்பமாயிற்று. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இலையைப் பேணுதற்கு எழுந்த ஏற்பாடுகள் உலகம் மெச்சத்தக்கனவே.

இலை கொய்தோர்க்கு வாய்த்த ஏற்பாடுகளோ வேறு. தமிழகத்தினின்று வந்தோர் கங்காணியிடம் பெற்ற முற்பணத்தால் முதல் நாளிலேயே கடனாளியாயினர். அவர்தம் கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டு பெறாதவன் வேறு தோட்டத்தில் வேலைகொள்ளல் இயலாது. (உழைப்புச் சந்தை என ஏட்டில் எழுதப்படுவது இம்மலைகளில் இங்ஙனமே நடைபெற்றது.) 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது, லயக் காம்பரா ஒழியவில்லை. அது தோட்டத்தின் உடைமையாதலின், வேலையிழந்தவன் வீட்டையும் இழந்தான்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் நீங்கிற்று. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. வாக்கில்லாதார் குறையைக் கேட்பார் யார்? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில் தான். கல்வி பெறாத உழைப்பு மலிவாகக் கிடைத்தமையால், அவ்வுழைப்பின் திறனை உயர்த்தும் தேவையைத் தோட்டமுடையோர் உணர்ந்திலர்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஆண்டோர் மாறினும் கொய்வோர்க்கு நிலமில்லை. மாறாக, காலி, மாத்தறை முதலிய தாழ்நிலப் பகுதிகளிலே சிற்றுடைமையாளர் தம் சொந்த நிலத்திற் பயிரிட்டு முன்னேறினர். நாட்டின் மொத்தத் தேயிலையில் மூன்றிலிரண்டு பங்கிற்கு மேல் இன்று சிற்றுடைமையாளர் நிலத்தினின்றே கிடைக்கின்றது.

பிரசாவுரிமைச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்த சட்டம் 2003இல் வந்தது. 2015க்குப் பின்னர் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றிற்கு 7 பேர்ச்சஸ் நிலமும் தனிவீடும் வழங்கப்பட்டுள்ளன. ஏனையோருட் பலர் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர்.