கிளம்ப மறுத்த அம்பாசடர்

கொல்கத்தாவில் இரவு முழுவதும் அடைமழை. காலையில் பேத்திக்குக் கல்லூரிப் பரீட்சை. எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசடரோ கிளம்ப மறுத்தது. "பேசாமல் இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுங்கள்" என்றாள் மனைவி.

ரயில்வேயில் நான் கற்ற பாடம்: ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் கை வைக்காதே. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றியது. ஆகவே பாட்டரி நலம். மீதி சந்தேகம் இரண்டு: தீப்பொறி, பெட்ரோல்.

பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு வயரில் உபரி பிளக்கை மாட்டி, என்ஜின் இரும்பின்மேல் கிடத்தினேன். கியரை நியூட்ரலில் வைத்துப் பேத்தி சாவியைத் திருப்பினாள். பொறி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஈரம்! உலர்ந்த துணியால் துடைத்து மூடினேன். இரண்டாம் முயற்சியில் என்ஜின் உறுமியது. கார்புரேட்டரைத் தொடவே இல்லை.

பொறி இருந்தும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. நல்ல பாகத்தை அவசரத்தில் கழற்றிக் கெடுத்துவிடாதீர்கள், அன்பர்களே. பேத்தி மணியடிக்குமுன் போய்ச் சேர்ந்தாள்.